பங்கு வாங்காத மாலுமி

எங்கள் புன்னைக்குடிக் கடலில் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் யாரும் கொடியில் துணி காயப் போட மாட்டார்கள், போட்டால் வெடிமருந்துக் கரி வந்து அப்பிக்கொள்ளும், அந்தக் கரி சோப்புக்கும் போகாது எலுமிச்சைக்கும் போகாது, அதனால் பெண்கள் காலையிலேயே துவைத்து உச்சிவெயிலில் உலர்த்தி இரண்டரைக்கெல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் கரைக்கு வந்து, பதினேழு பாய்மரக் கப்பல்கள் தண்ணீருக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்பதைப் பார்ப்பார்கள். நான் அந்த ஊர்க் கோயிலின் உபதேசியார். செபம் சொல்லிக் கொடுப்பதும் சாவுக்குப் போய்ப் பாட்டெடுப்பதும் மணியடிப்பதும் என் வேலை. இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட மணியை முந்தியோ பிந்தியோ அடித்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது, அந்தக் கர்வம் போன கதைதான் இது.

கப்பல்கள் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டுக் கப்பலில் டச்சுக்காரராகிய ஒல்லாந்துக்காரர் கொடி, ஒன்பதில் போர்த்துக்கீசியராகிய பறங்கியர் கொடி, எல்லாம் முந்நூறு நானூறு வருடத்துக்கு முந்திய கப்பல்கள். ஏன் வந்தன என்பதற்கு ஊரில் வீட்டுக்கொரு காரணம் இருந்தது. செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இடம் போதவில்லை என்றார்கள் சிலர், கடலுக்கு ஞாபகம் திரும்பிவிட்டது என்றார் பள்ளிக்கூடத்து வாத்தியார், பங்குச்சாமியார் ஆயருக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லி இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார். மூன்று மணிக்கு முதல் பீரங்கி வெடிக்கும். ஆறு மணிக்கு நான் மூவேளைச் செபத்துக்கு மணியடித்ததும் கப்பல், ஆள், புகை எல்லாம் தண்ணீரில் உப்பு கரைகிற மாதிரி கரைந்து போகும். மறுநாள் மூன்று மணிக்கு உடைந்த கப்பல் உடையாமலும் செத்த ஆள் சாகாமலும் மறுபடி வந்து நிற்பார்கள்.

ஊர் இதைப் பழகிக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. கரையில் வந்து விழும் இரும்புக் குண்டுகளும் ஆறு மணிக்குக் கரைந்துவிடும் என்று தெரிந்ததும் பெண்கள் அவற்றைப் பொறுக்கிக் கருவாட்டின் மேல் பாரம் வைத்தார்கள், மூன்று மணி நேரம் நன்றாக அழுத்தும், எடுத்து வைக்கிற வேலையும் மிச்சம். குண்டு கரையுமே தவிர அது கூரையில் போட்ட ஓட்டை கரையாது. அவர்கள் கொண்டுவந்தது அவர்களோடு போய்விடும், அவர்கள் செய்தது இங்கேயே கிடக்கும், அதுதான் அந்தச் சண்டையின் வழக்கம். புகை பட்ட கருவாட்டுக்குத் தனி மணம் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி இரண்டே முக்காலுக்கு மாறியது. பெயருக்குப் பின்னால் பெர்னாண்டோ என்று போட்டுக்கொள்பவர்கள் எல்லாரும் பறங்கியர் பக்கம் நின்று கைதட்டினார்கள், அவர்களுக்குப் பெண் கொடுத்து மனஸ்தாபப்பட்ட வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒல்லாந்தர் பக்கம் போனார்கள், இரண்டு பக்கமும் தோற்காமல் ஜெயிக்காமல் ஆறு மணியானதால் ஊருக்குள் சண்டை வர வாய்ப்பில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஊரில் ஞாயிறன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்கக் கூடாது, அது பாட்டன் காலத்துச் சட்டம், இவர்களோ முதல் ஞாயிறே வந்து சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க் கமிட்டி கூடி, அடுத்த சனிக்கிழமை ஒரு வள்ளத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு தளபதிகளிடமும் சட்டத்தைச் சொல்லிவிட்டு வந்தது. அதற்கடுத்த நாள் அவர்கள் வந்தார்கள், ஆனால் சுடவில்லை, பாய்மரக் கயிற்றில் உள்ளாடைகளைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அரசாங்கத்துப் படகு ஒன்றும் ஒரு தடவை வந்தது. அதில் வந்த அதிகாரி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தங்கள் அதிகாரம் இத்தனை மைல் வரைக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது, இத்தனை வருடம் வரைக்கும் என்று எங்கும் எழுதவில்லை என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

இப்படியாக எல்லாருக்கும் எல்லாம் சரியாகிப்போன ஊரில், சரியாகாமல் போனது ரெஜினாளுக்கு மட்டும்தான்.

ரெஜினாள் எங்கள் மண்டாடி தஸ்நேவிஸுக்கு ஒரே தங்கை. மண்டாடி என்றால் கரைவலைக்குத் தலைவன், எங்கே வலையை வளைக்க வேண்டும், எப்போது இழுக்க வேண்டும், பிடித்ததை எப்படிப் பங்கு வைக்க வேண்டும் என்று அவன் சொல்வதுதான் பேச்சு. தஸ்நேவிஸ் எண்ணிய மீனை மறுபடி எண்ண வேண்டியதில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்களே ஒத்துக்கொள்வார்கள். தங்கைக்கு வயது முப்பத்துமூன்று, ஏழு மாப்பிள்ளைகளைப் பார்த்து ஏழு பேரையும் ஒவ்வொரு குறை சொல்லித் திருப்பி அனுப்பியவள், வாயைத் திறந்தால் பங்குச்சாமியார்கூட வழியை மாற்றிக்கொள்வார். அவள்தான் அந்த ஆளைப் பார்த்தாள்.

ஒல்லாந்தரின் மூன்றாவது கப்பலில், நடுப் பாய்மரத்தின் உச்சியில், ஒரு செம்பட்டைத் தலைக்காரன் ஏறி நிற்பான். மூன்று ஐம்பதுக்கு ஒரு சங்கிலிக் குண்டு வந்து மரத்தை முறிக்கும், அவன் தளத்தில் விழுந்து செத்துப்போவான். இது தினமும் நடந்தது. எங்களுக்கு அது பஸ் வருகிற மாதிரி ஆகிவிட்டது, ஆள் விழுந்தாச்சு, தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டு என்று வீட்டுக்கு வீடு குரல் கேட்கும், நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ரெஜினாள் முதல் சில நாள் அந்த நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோராம் நாள் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, பீரங்கிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்.

"ஏல, அந்த மரத்த விட்டு எறங்குல. நேத்தும் விழுந்தியே, ஒனக்கு அறிவு வேண்டாமா?"

அவன் திரும்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே விழுந்தான். மறுநாள் மரத்தில் ஏறியதும் முதல் வேலையாகக் கரையில் அவளைத் தேடித் தொப்பியைக் கழற்றினான். அவளும் அவனுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று தினமும் ஒரே சிவப்புச் சேலையில் வந்து நின்றாள், அந்தச் சேலையைத் துவைக்கிறாளா இல்லையா என்று ஊரே கவலைப்பட்டது. அப்புறம் ஒருநாள் அண்ணனை அரட்டி மிரட்டி வள்ளத்தைத் தள்ளச் சொல்லி, அவளே ஏறி உட்கார்ந்து, சரியாக மூன்று ஐம்பதுக்கு அந்தக் கப்பலின் கீழே போய், வெளியே குதில என்று சைகை காட்ட, அவனும் தளத்தில் விழாமல் தண்ணீரில் குதித்தான். கடலில் கப்பல்கள் எரிந்துகொண்டிருந்தபோது, ஒரு பொம்பளை வள்ளம் ஏறலாமா என்பதைத்தான் அன்று ஊர் பேசியது.

அவன் பெயரை அவன் சொன்னபடி எங்களுக்குச் சொல்ல வரவில்லை, கொர்னேலியு என்று நாங்களே ஞானஸ்நானப் புத்தகத்துப் பெயராக மாற்றிக்கொண்டோம். ரெஜினாள் அவனுக்குச் சோறும் சாளை மீன் குழம்பும் வைத்தாள். நானூறு வருடம் பட்டினி கிடந்தவன் எப்படிச் சாப்பிடுவானோ அப்படிச் சாப்பிட்டான். ஆறு மணிக்கு நான் மணியடித்தேன். அவள் வீட்டில் தட்டு மட்டும் இருந்தது, வழித்து நக்கிய சுத்தமான தட்டு, உட்கார்ந்த இடத்தில் ஈரம்.

அதற்குப் பிறகு தினமும் அவனைப் பிடித்து வந்தாள், தினமும் மணியடித்ததும் இழந்தாள். அவன் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் சோறு, அடுத்தது போதும், மூன்றாவது நாளைக்கு. ஒருநாள் நானும் அங்கே இருந்தேன். ஏன்தான் அந்த மரத்தில் ஏறுகிறாய் என்று அவள் கேட்டாள்.

"ஏறச் சொல்லுதாங்க, ஏறுதேன்" என்றான், எங்கள் ஊர்ப் பேச்சு அச்சு அசலாக வந்திருந்தது.

"விழச் சொன்னாங்களா?"

அவன் சோற்றிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தான். "அது மட்டும் யாரும் சொல்லல" என்றான்.

வள்ளம் ஒருநாள் பிந்தினால் அவன் செத்தான். காற்று எதிராக அடித்தால் செத்தான். ரெஜினாள் இளைத்துப்போனாள். ஒருநாள் மாலை கோயில் படியில் வந்து உட்கார்ந்து, மணியை அடிக்காமல் இருக்க முடியாதா என்று என்னிடம் கேட்டாள், வாழ்நாளில் அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. மணியடிக்காவிட்டால் பதினேழு கப்பலும் போகாமல் ராத்திரியும் பகலுமாக நம் கூரைமேல் சுட்டுக்கொண்டே இருக்குமே தாயி என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிவிட்டு மறுநாளும் சரியாக ஆறு மணிக்கு மணியடித்தேன்.

இனி கரைவலையின் சட்டத்தைச் சொல்ல வேண்டும். கரைவலை என்றால் வலையைக் கடலில் அரைவட்டமாக விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பது. யார் வேண்டுமானாலும் வந்து கயிற்றைப் பிடிக்கலாம், வழிப்போக்கன் பிடித்தாலும் அவனுக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் பிடித்தவன் தன் பங்கு கைக்கு வரும்வரை கரையை விட்டுப் போகக் கூடாது, அப்படிப் போனால் அந்தப் பருவம் முழுக்க வலையில் மீன் விழாது. இதில் ஊர் விளையாடாது. அப்பன் செத்த செய்தி வந்தும் ஒருவன் பங்குக்குக் காத்து நின்றிருக்கிறான், வலி எடுத்த பிள்ளைத்தாச்சிக்கு முதல் பங்கைக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மருத்துவச்சியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பங்கு வைக்கும்போது எண்ணிக்கை குறைந்தால், கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கப்பல்கள் வந்ததிலிருந்து நாற்பத்தொரு நாள் கரைவலை இறங்கவில்லை. நாற்பத்திரண்டாம் நாள் மத்தியானம் சாளைக் கூட்டம் கரைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்ததைக் கண்டு தஸ்நேவிஸுக்குப் பொறுக்கவில்லை. ஒன்றரைக்கு வலையை விட்டால் இரண்டே முக்காலுக்குக் கரையேற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டான், அவன் கணக்கு சரிதான், எங்கள் ஊர் சரியில்லை. இந்த வலையை யார் பெயரைச் சொல்லி இறக்குவது, அந்தோணியார் பெயரையா வானதூதர் மிக்கேல் சம்மனசு பெயரையா, போன பருவத்தின் கடைசி வலை யார் பெயரில் இறங்கியது என்று ஆரம்பித்த பேச்சு முக்கால் மணி நேரம் போயிற்று, கடைசியில் இரண்டு பேர் பெயரையும் சொல்லி வலையை விட்டு வளைத்து முடித்தபோது மணி மூன்று. வலைக்கு நடுவில் பதினேழு கப்பல்களும் எழுந்து நின்றன.

விட்ட வலையை இழுக்காமல் இருக்க முடியாது. இழுத்தோம். வலையிழுக்கிற அம்பாப் பாட்டைப் பாடி இழுத்தோம், பாட்டில் வருகிற புனிதர்கள் எல்லாரும் தீர்ந்து மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டு இழுத்தோம், ஆணும் பெண்ணும் வாத்தியாரும் பங்குச்சாமியாரும் கயிற்றைப் பிடித்தார்கள், கப்பல்கள் சுட்டுக்கொண்டே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கரைப் பக்கம் வந்தன, குறி தவறிய தளபதிகள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒரு சாண்கூட வராது என்று கயிறு நின்றுவிட்டது. மூன்றரை மணி. கொர்னேலியு மரத்தில் ஏறிக்கொண்டிருந்தான். அன்று அவனைப் பிடிக்க வள்ளம் கிடையாது, எல்லா வள்ளமும் வலை வேலையில் இருந்தன. ரெஜினாள் கயிற்றை விடாமலே கழுத்தை நீட்டிக் கத்தினாள்.

"அங்க என்னல ஏறுத? இங்க வந்து கயித்தப் புடி."

அவன் மரத்திலிருந்து தண்ணீரில் குதித்து, நீந்திக் கரையேறி, அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான். கப்பலில் இருந்தவர்கள் சுடுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். அப்புறம் ஒல்லாந்துக் கப்பலிலிருந்து இன்னொருவன் குதித்தான், அப்புறம் நாலு பேர், அப்புறம் நாற்பது பேர், ஒல்லாந்தர் எல்லாரும் வந்து தெற்குக் கயிற்றைப் பிடித்ததைக் கண்ட பறங்கியர் நாம் என்ன இளைத்தவர்களா என்று இறங்கி வந்து வடக்குக் கயிற்றைப் பிடித்தார்கள். அவர்கள் சண்டையை விடவில்லை, கயிற்றுக்கு மாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவரவர் கப்பலை அவரவரே எங்கள் பாட்டைப் பாடிக்கொண்டு இழுத்துக் கரையில் ஏற்றினார்கள், தளபதிகள் இரண்டு பேரும் கடைசியில் இறங்கி வந்து, வாளை மணலில் குத்திவிட்டு ஆளுக்கொரு கயிற்றின் நுனியைப் பிடித்தார்கள்.

கப்பல்களின் அடிப்பாகம் கிழித்ததில் வலையின் மடியில், மீன் சேர்கிற பையில், பெரிய ஓட்டை விழுந்து சாளையில் பெரும்பகுதி தப்பிவிட்டது. மிச்சத்தை மணலில் கொட்டி தஸ்நேவிஸ் எண்ணினான். அறுநூற்றுப் பன்னிரண்டு மீன். தலைகளை எண்ணினான். ஊர்க்காரர், மாலுமிகள், தளபதிகள் எல்லாம் சேர்த்து அறுநூற்றுப் பன்னிரண்டு. இது அந்தோணியார் வேலை என்றார்கள் பாதிப் பேர், மிக்கேல் வேலை என்றார்கள் மீதிப் பேர். ஆளுக்கொரு மீன் என்று முடிவாகி, எல்லாரும் வரிசையில் நின்று, மண்டாடி கையால் வாங்கினார்கள், ஒல்லாந்தரும் பறங்கியரும் தொப்பியைக் கழற்றிவிட்டு வாங்கினார்கள், நானும் என் மீனை வாங்கினேன். வரிசை முடியும்போது ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கடைசியில் நின்றவன் கொர்னேலியு. தஸ்நேவிஸ் கீழே குனிந்தான், மணலில் மீன் இல்லை.

தஸ்நேவிஸின் கணக்கு தப்பி அன்றுதான் பார்த்தோம். சட்டப்படி எல்லாரிடமும் திரும்ப வாங்கி எண்ண வேண்டும், அவனும் நிமிர்ந்து அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்தவன் தங்கையைப் பார்த்தான். ரெஜினாள் ஒரு கையில் தன் பங்கு மீனை எல்லாருக்கும் தெரியப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் முந்தானையைச் சுருட்டி வயிற்றோடு அழுத்திக்கொண்டு நின்றாள், முந்தானைக்கு வெளியே ஒரு சாளையின் வால் தெரிந்தது. எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன், அந்த வாயாடி முகத்தில் பயம் மட்டும் இருந்தது. தஸ்நேவிஸ் வாயை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்துப் பறங்கித் தளபதிக்குப் பெருந்தன்மை வந்துவிட்டது. எதிரிப் படையின் கடைசி ஆள் வெறுங்கையோடு நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை, முன்னால் வந்து, மார்பில் ஒரு கையை வைத்துக் குனிந்து, தன் மீனைக் கொர்னேலியுவிடம் நீட்டினார். நாங்கள் கைதட்டுகிற மாதிரியான காரியம், வேறு எந்த நாளாக இருந்தாலும் தட்டியிருப்போம். கொர்னேலியு மரியாதை தெரிந்தவன், பெரிய மனிதர் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மெல்லக் கையை உயர்த்தினான்.

"உபதேசியாரே" என்றான் தஸ்நேவிஸ், என்னைப் பார்க்காமலே. "மணி ஆவலியா?"

ஆகவில்லை. இன்னும் எட்டு நிமிடம் இருந்தது, கோயில் கடிகாரம் எனக்கு நேர் எதிரே தெரிந்தது. நான் அப்போது ஐம்பத்தெட்டு வயதுக்காரன், கையிலிருந்த மீனைக் கீழே போட்டுவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன், இருபத்தாறு வருடக் கர்வமும் என் பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தது, மணிக்கயிற்றில் தொங்கி இழுத்தேன். மூன்று தடவை அடிக்க வேண்டியதை முப்பது தடவை அடித்தேன்.

திரும்பி வந்தபோது கரையில் கப்பல் இல்லை. தளபதிகள் இல்லை, வாள்கள் நின்ற இடத்தில் இரண்டு சிறிய குழிகள், நூற்றுக்கணக்கான காலடிகள். எல்லாரும் பங்கை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாங்காதவன் மட்டும் கையைப் பாதி உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தான், போக முடியாமல். ரெஜினாள் மணலில் உட்கார்ந்து அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த நாங்களும் அழுதோம், தஸ்நேவிஸ் மட்டும் கிழிந்த வலையைப் பார்ப்பது போல் முதுகைக் காட்டி நின்றான்.

மறுநாளும் மூன்று மணிக்குக் கப்பல்கள் வந்தன. ஆனால் மரத்தில் ஏறி விழ வேண்டிய ஆள் ஏறி விழாமல் அடுத்தது நடக்க வழியில்லை போலும், பீரங்கிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார்கள், ஒல்லாந்துத் தளபதி தூரக்கண்ணாடியால் கரையைத் துழாவினார், கொர்னேலியு கருவாட்டுப் பாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தான், அதன்மேல் ஆறு பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து பேன் பார்த்தார்கள். மூன்று நாள் இப்படிக் காத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு தளபதிகளும் படகில் சந்தித்து எதையோ பேசிச் சிரித்துக்கொண்டதைப் பார்த்தோம், அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. கருவாட்டுக்குப் பழைய மணம் வந்துவிட்டது, தேத்தண்ணிக்கு எப்போது அடுப்பை மூட்டுவது என்று தெரியாமல் ஊர் கொஞ்ச காலம் தடுமாறியது.

பதினொரு வருடம் ஆகிறது. கல்யாண ஓலையில் மாப்பிள்ளையின் பிறந்த வருடத்தை எழுதப் பங்குச்சாமியார் ரொம்ப யோசித்துக் கடைசியில் அந்த இடத்தில் மை கொட்டிவிட்டதாகச் சொன்னார். கொர்னேலியு மற்ற வலைகளின் பங்கை வாங்குகிறான், இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் செம்பட்டைத் தலை, வாய் மட்டும் அம்மா மாதிரி. தென்னை மரத்தில் மட்டும் யார் சொன்னாலும் ஏற மாட்டான். அந்தச் சாளையை ரெஜினாள் உப்புப் போட்டுக் காயவைத்து ஒரு பானையில் வைத்திருக்கிறாள். அவர்கள் வீட்டிலும் எல்லார் வீட்டையும் போலச் சண்டை வரும், அவள் சண்டை போட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கும், ஒல்லாந்தும் பறங்கியும் அதற்கு உறை போடக் காணாது. சண்டை முற்றினால் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பானையைத் திறந்து, காய்ந்து சுருண்ட அந்த மீனை வாலைப் பிடித்து எடுத்து வந்து அவன் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"இந்தாங்க, ஒங்க பங்கு. வாங்கிட்டுக் கெளம்புங்க."

கொர்னேலியு உடனே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். அவள் நீட்டிய கையை எடுக்க மாட்டாள், அவன் கட்டிய கையை அவிழ்க்க மாட்டான், அப்படியே ரொம்ப நேரம் நிற்பார்கள். கடைசியில் அவன்தான் பேசுவான், முதன்முதலாகக் கற்றுக்கொண்ட சொல்லைத்தான் சொல்வான்.

"சோறு" என்பான்.

அவள் மீனைப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு, தட்டை எடுக்கப் போவாள்.